பித்தளை நிற மொட்டு

பூ செய்கிற மண்ணை நான் கடையில் வாங்குவதில்லை. வீட்டிலேயே கிண்டிக்கொள்வேன். வெள்ளைப் பசை ஒரு கப், சோள மாவு ஒரு கப், குழந்தைகளுக்குத் தடவுகிற எண்ணெய் இரண்டு கரண்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு கொஞ்சம். அடி கனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் வைத்துக் கை வலிக்கக் கிண்டினால் ஒட்டாமல் திரண்டு வரும். சூடு ஆறுவதற்குள் பிசைந்து, ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். பெயர்தான் களிமண். உண்மையான மண் அதில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

வாக்குமூலத்தில் இந்தச் சமையல் குறிப்பெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மண்ணைப் பற்றித் தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டு போனதற்கும் அதுதான் காரணம். உங்கள் மேல் தப்பில்லை. நான் நிதானமாகப் பேசுகிறவள். என் பேச்சை நம்பாதவர்கள் குறைவு.

இதழுக்கு மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். அப்படி ஆக்கிய இதழ் நாலைந்து நிமிஷம்தான் சொன்னபடி கேட்கும். பிறகு விறைத்துவிடும். காற்றடித்தால் ஓரம் வெடித்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன். ஒரு ரோஜாவைத் தொடங்கினால் கடைசி இதழ் வரை எழுந்திருக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மண் காயக் காயச் சுருங்கும். பூவைத் தாங்குகிற கம்பியின் மேல் பசை தடவாமல் வைத்தால் மூன்றாம் நாள் விரிசல் விட்டுத் தானாக உதிர்ந்துவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இந்தத் தப்பைச் செய்து தலையில் கை வைத்து உட்காருவார்கள். நானும் செய்திருக்கிறேன்.

என் அக்காவை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், வயதில் மூத்தவர்களுக்கும்கூட. எங்கள் அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து என்னை "சின்னவளே" என்றுதான் கூப்பிட்டாள். ஐம்பத்து நாலு வயதிலும் நான் சின்னவள்தான். நடுவில் நான் கல்யாணமாகிப் போய், இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியிலிருந்து என் பழைய தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் எனக்குக் கெடுதல் செய்தாள், அதனால் நான் அப்படிச் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஏற்கெனவே மூச்சிறைப்பு உண்டு. சாக்பீஸ் தூள் என்பாள். குரலும் மெலிந்து அடுத்த அறைக்குக்கூட எட்டாது. கண் இரண்டிலும் புரை. நெஞ்சு இருக்கிற இருப்பில் இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். பகலில் கவனித்துக்கொள்ள ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தோம். இப்போது உங்கள் விசாரணையில் இருக்கிற பெண். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள், ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம். அக்காவைத் தூக்கி உட்கார வைக்கும்போது, "டீச்சர், இன்னிக்கு ஹோம் வொர்க் பண்ணிட்டேன், அடிக்காதீங்க" என்று சிரிக்க வைப்பாள்.

அக்காவின் கட்டிலருகே அந்தப் பித்தளைக் கைமணி இருக்கும். ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் அவளுக்குக் கொடுத்தது. ஒரு தடவை அடித்தால் நர்ஸ் வர வேண்டும், இரண்டு தடவை அடித்தால் நான் வர வேண்டும். இது அவள் போட்ட சட்டம். ஒற்றை மணி அந்த வீட்டில் அபூர்வமாகத்தான் கேட்கும்.

அந்த நேரத்தில்தான் கண்காட்சி வந்தது. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் நான் செய்து கொடுத்த ரோஜாக்கள் இருக்கின்றன. அதை முகர்ந்து பார்த்து ஏமாந்துபோன ஒரு அம்மாள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கைவினைக் கண்காட்சி நடத்துகிற குழுவின் தலைவி. பழைய ஜன்னல் சட்டம் ஒன்றில் கொடி ரோஜா படர்ந்த மாதிரி செய்ய முடியுமா, எழுபது பூவாவது வேண்டும், ஒரு மேசை முழுக்க உங்களுக்குத்தான் என்றார். என்னைத் தேடி அதுவரை யாரும் வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் டீச்சரைத்தான் தேடி வருவார்கள். நான் காபி கொண்டு வந்து வைக்கிறவள். மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அக்கா சந்தோஷப்பட்டாள். அதுதான் தொல்லையாகப் போயிற்று. டிங் டிங் என்று மணி அடிக்கும். ஓடுவேன்.

"எத்தனையாவது பூ?"

"பத்தொம்பது."

"கொண்டு வா, தொட்டுப் பாக்கிறேன்."

பார்வை மங்கியதால் விரலால் பார்ப்பாள். இதழை ஒவ்வொன்றாகத் தடவி, "இது கொஞ்சம் தடிமன்டி" என்பாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். திரும்பி வந்து உட்காருவேன். மறுபடியும் டிங் டிங். திரையை விலக்கு. கேஸை மூடினாயா. புறா முட்டை வைத்திருக்கிறதா பார். சும்மாதான் கூப்பிட்டேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு தடவை. நர்ஸைக் கூப்பிடக் கூடாதா என்றால், "அவ வேலைக்கு வந்தவ. நீ எனக்குத் தங்கச்சி" என்றாள்.

இருபத்தாறாவது ரோஜா நன்றாக வந்துகொண்டிருந்தது. வெளிச்சுற்றுக்கு ஏழு இதழ் தேய்த்து வரிசையாக வைத்திருந்தேன். டிங் டிங். மண் கையோடு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல. மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்தியா?"

பார்த்தேன். வருகிற மாதிரிதான் இருந்தது. திரும்பி வந்தபோது ஏழு இதழும் ஓரம் வெடித்துக் கிடந்தன. அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

மதியம் அவள் தூங்கினாள். நர்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணியைத் துடைத்து வைக்கிறேன் என்று எடுத்து வந்தேன். துடைக்கவும் செய்தேன். பிறகு சுண்டைக்காய் அளவு மண்ணை எடுத்து, இலை நரம்புக்குப் பூசுகிற பித்தளை நிறப் பொடியைக் கலந்து பிசைந்து, மணியின் நாக்கு நுனியில் பொதிந்தேன். வெறும் உருண்டையாக விடக் கை வரவில்லை. பழக்கதோஷம். மூன்று சின்ன இதழைச் சுற்றி மொட்டாக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். டொக் என்றது. பசை தடவவில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொல்ல நினைக்கிறவள் பசை தடவியிருப்பாள். எனக்கு வேண்டியிருந்தது மூன்று நாள் அமைதி.

சாயங்காலம் அவள் மணியை எடுத்து ஆட்டினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டொக். மறுபடி ஆட்டினாள். டொக். மணியைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

"கையில பலமே இல்லடி. சத்தம் வரல பாரு."

அந்த நேரம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது, "வயசாகுதுல்ல அக்கா. போகப் போகச் சரியாகும்."

மறுநாள் அவள் கையைப் பலப்படுத்த என்ன செய்யலாம் என்று நர்ஸைக் கேட்டாள். பந்து மாதிரி எதையாவது பிடித்து அழுத்துங்கள் என்றாள் அவள். வீட்டில் பந்து இல்லை. நான் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை அளவு மண் எடுத்து உருட்டிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக, "நானும் பூ செய்யப் போறேனாக்கும்" என்றாள். காலை மாலை எண்ணி எண்ணி அழுத்தினாள். டீச்சர் அல்லவா, எதையும் ஒழுங்காகச் செய்வாள். அந்த உருண்டை காய்ந்து இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

நர்ஸ் சும்மா இருந்தாள் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நாளே என்னிடம் வந்து, "மணி சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா" என்றாள்.

"எனக்கு நல்லாக் கேக்குதேம்மா" என்றேன்.

அதை நிரூபிக்க, டொக் டொக் கேட்டதும் மூடிய கதவைத் திறந்துகொண்டு அவள் கண்முன்னே இரண்டு மூன்று தடவை எழுந்தும் போனேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். அவள் குழம்பிப்போய்த் தன் நாற்காலியை அக்காவின் அறை வாசலிலேயே போட்டுக்கொண்டாள். நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிற பெண் செய்த காரியம் அது. நடுவில் அக்கா என்னைக் கூப்பிடுவது குறைந்துபோயிற்று. கையை ஆட்டிப் பார்ப்பாள், டொக் என்றதும் வெட்கப்பட்டவள் போல மணியைக் கீழே வைத்துவிடுவாள். நாலு நாளில் பதினெட்டு ரோஜா முடித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

பதினோராம் நாள் காலை பதினொன்றரை மணி. நர்ஸ் படுக்கை விரிப்புகளைத் துவைத்து வாளியோடு என் கதவைத் தட்டினாள். "மாடியில காயப்போட்டுட்டு வந்துடறேம்மா. டீச்சரைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"போயிட்டு வாம்மா" என்றேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று உங்களிடம் நான் சொன்னது பொய்.

அறுபத்தெட்டாவது ரோஜா என் கையில் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, கதவு சாத்தியிருந்தது. வெளிச்சுற்றின் நாலாவது இதழை ஒட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்றது. இரண்டு. அது எனக்கான மணி. ஐந்தாவது இதழை எடுத்தேன். மறுபடி டொக் டொக். வானத்தில் மேகம் இருக்கும், புறா இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் அப்படி நினைக்க நான் முயற்சி செய்தேன் என்பதே சரி. ஏனென்றால் அதற்குப் பிறகு சத்தம் இரண்டிரண்டாக வரவில்லை. ஒன்று, மூன்று, ஒன்று என்று கணக்கில்லாமல் வந்தது. அக்கா கணக்கு தப்புகிறவள் இல்லை. ஆறாவது இதழை ஒட்டினேன். ஏழாவதை ஒட்டி ஓரத்தை வெளிப்பக்கமாகச் சுருட்டிவிட்டபோது சத்தம் நின்றிருந்தது. ரோஜா நன்றாக வந்திருந்தது. அதைக் கம்பியோடு காயக் குத்தி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன்.

அவள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். மூச்சுக்கு அடித்துக்கொள்கிற மருந்து கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. மணி விரிப்பின் மேல் கிடந்தது. நான் முதலில் மணியைத்தான் எடுத்தேன். நகத்தால் மொட்டை உரித்தேன், நாக்கைத் துணியால் துடைத்தேன். அதன் பிறகுதான் அக்காவைத் தொட்டேன். தொட்டதும் தெரிந்துவிட்டது. அப்புறம் மணியை எடுத்து வேகமாக அடித்தேன். வீடு முழுக்கக் கேட்டது. மாடியிலிருந்து நர்ஸ் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

அன்று மதியம் நீங்கள் வந்தீர்கள். கொஞ்ச நாளாகவே மணி சரியாகக் கேட்கவில்லை என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். நீங்கள் மணியை எடுத்து ஆட்டினீர்கள். டிங். என்னைப் பார்த்தீர்கள். "இப்படித்தான் அடிச்சுது. என் அறைக்குள்ள வேலையா இருந்தேன், நர்ஸ் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றேன். அவள் முகத்தை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. நான் கவனித்தேன். அவள் கோபப்படவில்லை. தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். வேலை போய்விட்டது, நர்ஸ் பதிவை ரத்து செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"காது டாக்டர்கிட்ட போனேம்மா. ரெண்டு காதும் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"நல்லதுதானே."

"அப்ப எனக்கு எப்படிம்மா கேக்காம போச்சு? டீச்சர் அடிச்சிருக்காங்க. நான் ஒரு மாடி தள்ளித்தானே இருந்தேன்." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் சரியாப் பாக்கல. வேற டாக்டர்கிட்ட போகப் போறேன்" என்றாள்.

ஒருத்தி தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே செத்துப்போனாள். இன்னொருத்தி தன் காதைக் குறை சொல்லிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறாள். இரண்டு பேருக்குமே என்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அவள் போன பிறகு நான் டப்பாவைத் திறந்து பூ செய்ய உட்கார்ந்தேன். ஒரு இதழ்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சாட்சி வேண்டுமென்றால் கண்காட்சி மண்டபத்துக்குப் போங்கள். இந்த வாரக் கடைசி வரை திறந்திருக்கும். என் ஜன்னல் சட்டத்தில், இடதுபக்கம் கீழே, இலைக்குப் பின்னால் பித்தளை நிறத்தில் ஒரு மொட்டு இருக்கிறது. மண்ணை வீணாக்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அடிப்பக்கத்தைப் பாருங்கள், மணியின் நாக்கு நுனி பதிந்த பள்ளம் தெரியும். அதை மட்டும் தனியாகக் குறிப்பிட்டு, இந்த நிறம் எப்படிப் பிடித்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆனால் நான் கொல்ல நினைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாக உதிர்ந்துவிடும் என்று நம்பித்தான் வைத்தேன். அது பொய் இல்லை. மூன்றாம் நாள் அது உதிரவும் செய்தது. காலை ஏழு மணி, நர்ஸ் இன்னும் வரவில்லை. டிங் டிங் என்று வீடு அதிர மணி கேட்டது. ஓடினேன். அக்கா ஒரு கையில் மணியும் ஒரு கையில் நான் கொடுத்த மண் உருண்டையுமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"பாத்தியாடி? பலம் வந்துடுச்சு. எல்லாம் நீ குடுத்த மண்ணாலதான்."

"ரொம்ப நல்லது அக்கா" என்றேன். விரிப்பில் கிடந்த உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டேன்.

அன்று மதியம் அவள் தூங்கியதும் மணியைத் துடைத்து வைக்கிறேன் என்று எடுத்து வந்து புது மொட்டு வைத்தேன். ஆறாம் நாள், உதிர்வதற்கு முன்பே மாற்றினேன். ஒன்பதாம் நாளும் மாற்றினேன். நாலு தடவையும் பசை தடவவில்லை. நாலு தடவையும், இது தானாக உதிர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.